வாசகர் கேள்வி – பதில்: தேனீக்கு ஓடிய சிப்பாய்

கேள்வி: என் தந்தையின் தாத்தா ‘ஜெர்மன் சண்டை’க்குப் போய்த் திரும்பியவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். திரும்பி வந்தபின் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் மேஸ்திரியாக இருந்து, இங்கேயே வீடு கட்டிக்கொண்டு, 1950-களில் காலமானார். அவரைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஒரு கேலி மட்டுமே. கப்பலேறிப் போன பட்டாளம், தேனீ கொட்டியதும் வந்த கப்பலுக்கே திரும்பி ஓடியது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதனால் ‘தேனீக்கு ஓடினவர்’ என்பது அவருக்குப் பெயராகிவிட்டது. வீட்டில் எந்தப் பிள்ளை எதற்குப் பயந்தாலும் ‘பூட்டன் புத்தி’ என்பார்கள். “சண்டைக்கா போனாரு? மம்முட்டிய எடுத்துக்கிட்டு ரோடு போடப் போனாரு” என்பது அப்பத்தாவின் தீர்ப்பு. அவர் விட்டுச் சென்றவை இரண்டு. ஒன்று வெள்ளிப் பதக்கம். அதில் குதிரைமேல் ஒருவர் இருப்பதைப் பார்த்து, அது ஐயனார் என்று அப்பத்தா பூசை அறையில் வைத்து, பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்து, விபூதி பூசி வந்தார். விளிம்பில் ஆங்கில எழுத்துகள் உள்ளன. எண்ணும் பெயரும் பாதி தேய்ந்துவிட்டன, கடைசியில் ‘61 பி.என்.ஆர்.எஸ்.’ என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மற்றொன்று இரண்டு வாள்கள் குறுக்காகக் கிடக்கும் பித்தளை நிற நட்சத்திரம். அதன் வளையம் உடைந்துவிட்டது. தேனீக் கதையில் உண்மை உண்டா? அவருடைய ஆவணம் எங்கே கிடைக்கும்? வெலிங்டனில் கேட்டால் கிடைக்குமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் கொள்ளுத் தாத்தா கதை அளக்கவில்லை. தேனீக்கள் கொட்டிப் படை சிதறிய சண்டை ஒன்று முதல் உலகப் போரில் உண்மையாகவே நடந்தது. இன்று தான்சானியாவின் கடற்கரை நகரமாகவும் அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகமாகவும் இருந்த தாங்கா என்ற ஊரில், 1914 நவம்பர் 2 முதல் 5 வரை அது நடந்தது. ‘தேனீக்களின் போர்’ என்றே ஆங்கிலேயர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சிரித்துவந்த அந்தக் கதைக்கு முன்னால், சிரிக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் பதக்கங்களைப் படித்துவிடுவோம். அவை சொல்லாததை நான் சொல்லக்கூடாது.

வெள்ளிப் பதக்கம், முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பொதுப் போர்ப் பதக்கம். அப்பத்தா மன்னிக்க வேண்டும், குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜ். குதிரையின் காலடியில் பாருங்கள்: கழுகுச் சின்னம் பொறித்த கேடயமும் ஒரு மண்டையோடும் மிதிபடும், அருகில் 1914, 1918 என்ற ஆண்டுகள் இருக்கும். மறுபுறம் ஐந்தாம் ஜார்ஜின் தலையும், அவர் இந்தியாவுக்கும் பேரரசர் என்று சொல்லும் லத்தீன் வாசகமும் உண்டு. இந்தப் பதக்கத்தின் உயிர் அதன் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்துக் கொடுத்தார்கள். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் எஸ்.பி.ஒய். என்ற மூன்று எழுத்துகள் தென்பட்டால் அது ‘செப்பாய்’, அதாவது சிப்பாய் என்பதன் சுருக்கம். பி.என்.ஆர்.எஸ். என்பது ‘பயனியர்ஸ்’. ஆகவே அவர் 61-ஆம் பயனியர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். மன்னர் ஜார்ஜின் பெயரைத் தாங்கிய இந்தப் படைப்பிரிவு, 1758-இல் கும்பெனிக்காரர்கள் சென்னைக் கரையில் திரட்டிய சிப்பாய்ப் படையின் நேர் வாரிசு.

நட்சத்திரத்தை விளையாட்டுச் சாமானாக்கிவிடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இந்த வழக்கில் அதுதான் முக்கியமான சாட்சி. வெள்ளிப் பதக்கம் மட்டும் இருந்தால், அவர் 1917-இல் புதிதாகச் சேர்ந்து, மூத்த சிப்பாய்கள் சொன்ன தேனீக் கதையைத் தன் கதையாக ஊருக்குக் கொண்டுவந்தவராகவும் இருக்கலாம். பட்டாளத்தில் அது நடக்காத காரியமன்று. நட்சத்திரம் அப்படிப்பட்டதன்று. 1915 டிசம்பர் 31-க்குள் போர்க்களம் ஒன்றில் கால் வைத்தவர்களுக்கே அதைக் கொடுத்தார்கள். அதன் பின்புறம் வழவழப்பாக இருக்கும். அங்கேயும் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். அந்த எழுத்துகளையும் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே ஆளுடையவை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உறுதியானால், 61-ஆம் பயனியர் பிரிவில் இருந்துகொண்டு, 1915 முடிவதற்குள் வெளிநாட்டுப் போர்க்களம் கண்டு, தேனீக் கதையோடு திரும்பிய ஒருவர் தாங்காவில் இருந்தார் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. மூன்றாவதாக, சிறகுள்ள பெண்ணுருவம் பொறித்த ‘வெற்றிப் பதக்கம்’ ஒன்றும் அவருக்கு வந்திருக்க வேண்டும். பழைய பெட்டிகளின் அடியில் தேடிப் பாருங்கள்.

அப்பத்தாவின் மண்வெட்டித் தீர்ப்பும் பாதி சரிதான். பயனியர் என்றால் துப்பாக்கியும் மண்வெட்டியும் சேர்ந்தே சுமந்த சிப்பாய். காலாட்படைக்குரிய பயிற்சி முழுவதும் அவனுக்கு உண்டு. அதற்கு மேல் சாலை வெட்டுவது, பாறை பிளப்பது, பாலம் போடுவது, பதுங்குகுழி தோண்டுவது ஆகிய வேலைகளும் அவன் தலையில். சண்டை வந்தால் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுக்க வேண்டும். சண்டை முடிந்தால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடப்பாரையை எடுக்க வேண்டும். திரும்பி வந்தபின் அவர் மலைச்சாலையில் மேஸ்திரியானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கொண்டைஊசி வளைவில் தண்ணீர் எப்படி ஓடும், தாங்குசுவருக்குக் கல்லை எப்படி அடுக்க வேண்டும் என்று தெரிந்த ஆளை அன்றைய சாலை அதிகாரிகள் தேடித்தான் பிடித்திருப்பார்கள். இது என் ஊகம். ஆனால் பயனியர் பட்டாளத்தை அறிந்த எவரும் இந்த ஊகத்துக்குத்தான் வருவார்கள்.

இனி தாங்காவுக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஜெர்மானியரின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. (காரியத்தில் கெட்டிக்காரனை, அதிலும் கொஞ்சம் திருட்டுத்தனம் உள்ள கெட்டிக்காரனை, ‘சரியான எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்வது அந்த இரவின் மிச்சம்.) அதற்கு நான்கு வாரங்களுக்குள், அக்டோபர் 16-ஆம் தேதி, ஜெர்மானியரின் ஆப்பிரிக்கத் துறைமுகத்தைப் பிடிப்பதற்காகப் பம்பாயிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. ஏறத்தாழ 8,000 பேர் அந்தப் படையில் இருந்தார்கள். அவர்களில் 61-ஆம் பயனியர்களும் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவும் சென்னை ராணுவத்தின் வழிவந்தவை. கடலையே பார்த்திராத கிராமத்து ஆட்கள் பதினேழு நாள் கப்பலின் அடித்தட்டில் நெருக்கியடித்துக் கிடந்து, வாந்தியும் மயக்கமுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கரையில் இறக்கி ஓரிரு நாள் காற்று வாங்கவிட்டு நடத்திச் சென்றிருக்கலாம். தளபதி எய்ட்கன் அதைச் செய்யவில்லை. ஊரில் எதிரிகள் எத்தனை பேர், நிலம் எப்படிப்பட்டது என்று வேவு பார்க்கவும் இல்லை. போதாக்குறைக்கு, நவம்பர் 2-ஆம் தேதி காலையில் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் போய், இதற்கு முன் செய்துகொண்ட தாக்காமை ஒப்பந்தம் இனிச் செல்லாது என்று முறைப்படி அறிவித்துவிட்டு வந்தது. திருட வருகிறவன் கதவைத் தட்டி நாள் குறித்துக் கொடுப்பது போன்ற இந்த மரியாதையால் ஜெர்மானியருக்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது. உள்நாட்டிலிருந்து ரயிலில் ஆட்களை இறக்கினார்கள்.

உங்கள் வீட்டுக் கதையில் இல்லாத நாள் இப்போதுதான் வருகிறது. நவம்பர் 2-ஆம் தேதி இரவு முதலில் கரையிறக்கப்பட்டவை இரண்டு படைப்பிரிவுகள். ஒன்று 13-ஆம் ராஜபுத்திரர்கள், மற்றொன்று 61-ஆம் பயனியர்கள். இருட்டில், முன்பின் அறியாத கரையில் இறங்கியவர்களை, மீதிப் படை வந்து சேரும்வரை காத்திருக்க விடாமல், 3-ஆம் தேதி விடியும்போதே ஊரை நோக்கி நடத்தினார்கள். ஊருக்கு முன்னால் இருந்த ரயில்பாதைப் பள்ளத்தை அரணாக்கிக்கொண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்த ஜெர்மானியரும், அவர்களிடம் பயின்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் அவர்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து புதிய ஆட்கள் பாய்ந்தபோது வரிசை உடைந்து, இரண்டு படைப்பிரிவுகளும் கடற்கரைக்குத் திரும்பின. அந்தக் காலைப்பொழுதில் மட்டும் ஏறக்குறைய 300 பேர் மாண்டும் காயப்பட்டும் போனார்கள். அன்று அங்கே தேனீ இல்லை.

தேனீக்கள் வந்தது மறுநாள், 4-ஆம் தேதி, படை முழுவதும் இறங்கித் தாக்கியபோது. மரங்கள் அடர்ந்த தோட்டங்களுக்குள்ளே சண்டை நடந்ததால், கிளைகளில் இருந்த தேன்கூடுகளில் தோட்டாக்கள் பாய்ந்தன. பிறகு நடந்ததை நீலகிரியில் வாழும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே பாறைச் சரிவில் தொங்கும் பெருந்தேன் கூட்டைக் கலைக்கப் போகும் குறும்பர்கள் எத்தனை பக்குவமாகப் புகை போட்டு, நேரம் பார்த்து இறங்குகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்கத் தேனீ உருவத்தில் நம் பெருந்தேனீயைவிடச் சிறியது. பொந்திலும் கட்டைக்கூட்டிலும் அடைவது. சினத்தில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அதிகமாகக் கொட்டுப்பட்டு முதலில் கலைந்தவர்கள் 98-ஆம் காலாட்படையினர். வெள்ளைக்காரச் சிப்பாய்களும் தப்பவில்லை. ஜெர்மானியரும் கொட்டு வாங்கினார்கள். முதல்நாள் அடிபட்ட பயனியர்களை அன்று பின்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். எனவே உங்கள் கொள்ளுத் தாத்தா நேராகக் கொட்டுப்பட்டாரா, முன்னால் இருந்தவர்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கத்திக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்தாரா என்று எந்தத் தாளும் சொல்லப் போவதில்லை. 5-ஆம் தேதி எல்லோரும் மீண்டும் கப்பலேறினார்கள். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே விடப்பட்டன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டே ஜெர்மானியர் பல காலம் போரிட்டார்கள். எதிரே இருந்தவர்கள் ஏறக்குறைய 1,000 பேர்தான். இந்தத் தோல்வியை அரசு உடனே வெளியே சொல்லவும் இல்லை.

பழியைச் சுமந்தவர்கள் யார் என்று பாருங்கள். எய்ட்கனைப் பதவி குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது சென்னைச் சிப்பாய்களின் ‘கோழைத்தனம்’. வடக்கே சில இனத்தார் மட்டுமே போருக்குப் பிறந்தவர்கள், தெற்கத்தியார் அதற்கு லாயக்கற்றவர்கள் என்ற கொள்கை அன்றைய ராணுவத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. தாங்கா அவர்களுக்கு வசதியான சான்றாகிவிட்டது. 3-ஆம் தேதி பயனியர்களோடு சேர்ந்து அதே பள்ளத்துக்கு முன்னால் கலைந்தவர்கள் ராஜபுத்திரர்கள் என்பது அந்த வாதத்துக்கு இடைஞ்சல். ஆகவே அதை அதிகம் பேசவில்லை.

ஒரு மனிதர் நாற்பது ஆண்டுகளாகப் பேரப்பிள்ளைகளுக்குத் தேனீயைப் பற்றி மட்டும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். முந்தின நாளைப் பற்றி ஒரு சொல்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் சொல்லியிருந்தால் அப்பத்தாவின் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்பதை நான் எழுதினால் அது கற்பனை. ‘தேனீக்கு ஓடினவர்’ என்ற பெயர் உங்கள் வீட்டில் இனியும் இருக்கட்டும், அதில் அவருடைய சிரிப்பும் இருக்கிறது. ‘பூட்டன் புத்தி’யைக் கோழைத்தனத்துக்குச் சொல்வதைத்தான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி: வெலிங்டனில் கேட்பது வீண். அங்கே உள்ளது மதராஸ் ரெஜிமென்டின் மையம். அது மதுக்கரையிலிருந்து அங்கு வந்ததே 1947-இல்தான். 61-ஆம் பயனியர்கள் போருக்குப்பின் மதராஸ் பயனியர்கள் என்று பெயர் மாறி, 1933-இல் சிக்கன நடவடிக்கையில் அடியோடு கலைக்கப்பட்டார்கள். கலைக்கப்பட்ட படையின் சாதாரணச் சிப்பாய்களுடைய தனித்தாள்கள் கிடைப்பது மிக அரிது. கிடைக்கக்கூடியது படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு. தலைமை அதிகாரி அன்றன்று எழுதியவை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் தேடிப் படியெடுக்கலாம். அதில் உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். வெள்ளை அதிகாரி இறந்தால் பெயர் இருக்கும். சிப்பாய்கள் இறந்தால் பெரும்பாலும் எண்ணிக்கை இருக்கும். ஆனாலும் அவர் எந்த நாளில் எந்த இடத்தில் நின்றிருக்க முடியும் என்பதை அதைவிட நெருக்கமாகச் சொல்லும் தாள் வேறில்லை. உள்ளூரில், அவர் வீடு கட்டிய மனையின் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘பென்ஷன் சிப்பாய்’ என்பது போன்ற அடைமொழியும், பெயருக்கு முன்னால் அவர் மலைக்கு வருமுன் இருந்த ஊரும் சில பத்திரங்களில் எழுதப்பட்டிருக்கும். சொந்த ஊர் தெரிந்துவிட்டால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்த மாவட்டத்து வருவாய்த்துறை ஆணைகளில் தேட ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக, புளி வேண்டாம். இன்றோடு நிறுத்துங்கள். பெயரைத் தின்றது அந்தப் புளிதான். தேய்ந்த எழுத்தைப் படிக்க, பதக்கத்தை இருட்டறையில் வைத்து, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, மெல்லத் திருப்பிக்கொண்டே பூதக்கண்ணாடியால் பாருங்கள். அதுவும் போதாவிட்டால், விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தாளை இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் வெளுத்து எழும். விபூதி பூசுவதில் தவறில்லை. துணியால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். இதை இத்தனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் தாய்வழிப் பாட்டனாருக்கு வந்த இதே வெள்ளிப் பதக்கம், இரண்டு தோலாவுக்கு மேல் எடை இருந்ததால், எனக்கு அரைஞாண் கொடியாக உருக்கப்பட்டது. என் இடுப்பில் கிடந்தது யாருடைய எண், எந்தப் படைப்பிரிவு என்று இன்று எவருக்கும் தெரியாது.

கேள்வி: கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு அருகில் உள்ளது எங்கள் ஊர். என் தாத்தாவின் சித்தப்பா ‘பஸ்ரா’வுக்குப் போனவர், திரும்பவே இல்லை. நீங்கள் முன்பு ஓர் இதழில் படம் போட்டிருந்த அதே குதிரைப் பதக்கம் எங்களிடமும் இருக்கிறது, ஆனால் வெள்ளியில் இல்லை, வெண்கலத்தில். வத்தலகுண்டில் காட்டியபோது, அசல் என்றால் வெள்ளியாகத்தான் இருக்கும், இது போலி என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டார். அவர் பட்டாளத்துக்கே போகவில்லையோ என்று இப்போது உறவினர்கள் பேசுகிறார்கள்.
— வாசகர், கொடைக்கானல் வட்டம்

பதில்: போலி இல்லை. சொல்லப்போனால், வெள்ளியைவிட அரியது. இந்தப் பதக்கம் வெள்ளியில் லட்சக்கணக்கில், அறுபது லட்சத்துக்கும் மேலாக, அடிக்கப்பட்டது. வெண்கலத்தில் அடிக்கப்பட்டவை ஏறக்குறைய 1,10,000 மட்டுமே. வெண்கலம் யாருக்கு என்பதுதான் உங்கள் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. துப்பாக்கி தூக்கியவருக்கு வெள்ளி. மூட்டை தூக்கியவருக்கு வெண்கலம். சீனர், மால்டா தீவினர், இந்தியர் ஆகியோரைக் கொண்டு அமைத்த தொழிலாளர் படைகளுக்குத்தான் இந்த உலோகம். ஒரே போர், ஒரே அச்சு, ஒரே மன்னர் தலை. உலோகத்தில் மட்டும் வித்தியாசம். விளிம்பைப் பாருங்கள். ‘லேபர் கோர்’ அல்லது ‘போர்ட்டர் கோர்’ என்ற சொல்லின் சுருக்கம் இருக்கலாம்; சிப்பாய் என்பதற்குப் பதிலாக ‘கூலி’ என்றே ஆங்கில எழுத்தில் பொறித்த பதக்கங்களும் உண்டு. நம் பேச்சில் கூலி என்பது செய்த வேலைக்குக் கையில் வாங்குவது. அவர்கள் எழுத்தில் அது ஆளுக்கே பெயராகிவிட்டது.

பஸ்ரா என்று வீட்டில் சொல்வது மெசபட்டோமியாப் போர்முனையை, அதாவது இன்றைய இராக்கை. 1914 நவம்பரில் இந்தியப் படை பஸ்ராவைப் பிடித்தது. 1917 மார்ச் 11-இல் பாக்தாதைப் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் படைக்கு வேண்டிய அத்தனையும் கப்பலில் வந்து பஸ்ராவில் இறங்க வேண்டியிருந்தது; துறையும் இல்லை, ரயிலும் இல்லை, மழை பெய்தால் சாலையும் இல்லை. துறை கட்டவும் தண்டவாளம் போடவும் ஆற்றுக்கு அணை போடவும் இந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பூம்பாறையின் குளிரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த ஊர்க் கோடைவெயில் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டாவைவிட வெயிலும் காலராவும் வயிற்றுப்போக்குமே அங்கே அதிகம் பேரைக் கொண்டுபோயின.

அவர் திரும்பாததால், தேட வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியல். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சிதைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதித் தேடுங்கள். ‘முத்து’ என்பதை எழுத ஓர் ஆங்கிலேய எழுத்தருக்குப் பத்து வழிகள் இருந்தன. கல்லறை அறியப்படாத 40,500-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அதன் சுவர்களில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், மற்றவர்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கை. இந்த ஓரவஞ்சனையை அந்த ஆணையமே 2021-இல் ஆய்வறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்று அது கணக்கிட்டது. ஆகவே பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டால் அவர் போகவில்லை என்று பொருளன்று. அந்த நிலையில், விளிம்பில் உள்ள எண்ணையும் பிரிவையும் படமெடுத்து ஆணையத்துக்கே எழுதுங்கள். விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலை அங்கே நடந்துவருகிறது. வத்தலகுண்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவந்தீர்களே, அது போதும்.

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மதராஸ் ரெஜிமென்டில் பர்மாவில் இருந்தார். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டும் பர்மா நட்சத்திரமும் உள்ளன. நட்சத்திரத்தில் பெயர் ஒன்றும் இல்லை. முழு விவரம் பெற முடியுமா? குடும்பத்துக்கு ஏதேனும் உதவித்தொகை உண்டா?
— வாசகர், குன்னூர்

பதில்: மூவரில் வேலை எளிதாக முடியப்போகிறவர் நீங்கள்தான், வெலிங்டன் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் மட்டும் சொல்லவில்லை. மதராஸ் ரெஜிமென்ட் இன்றும் உயிரோடு இருக்கும் படை. அதன் ஆவண அலுவலகமும் வெலிங்டனிலேயே இயங்குகிறது. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டின் தலைப்பில் உள்ள படை எண்தான் திறவுகோல். அந்த எண்ணோடும், நீங்கள் பேரன் என்பதைக் காட்டும் சான்றுகளோடும், உதகமண்டலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக விண்ணப்பியுங்கள். நேரே வாசலில் போய்க் கேட்பதைவிட இது காலதாமதமாகத் தோன்றினாலும், பதில் எழுத்தில் வரும்.

நட்சத்திரத்தில் பெயர் இல்லாததற்காகக் கவலைப்பட வேண்டாம்; இரண்டாம் உலகப் போரின் பதக்கங்களில் பலவும் பெயரின்றியே கொடுக்கப்பட்டன. அதனால்தான் இந்தப் பதக்கத்தைக் காட்டிலும் அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுவது முக்கியம். பிளாஸ்டிக் லாமினேஷன் செய்துவிடாதீர்கள். பழைய தாள் அதற்குள்ளேயே பழுத்துப் போகும். உதவித்தொகையைப் பொறுத்தவரை, ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் மாநில அரசு மாதந்தோறும் உதவி வழங்குகிறது. பேரன் பேத்திகளுக்கு அது இல்லை. உங்கள் பாட்டி இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ஆவணம் தேடுவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அவர்களை அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போங்கள்.